பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே பாலஸ்தீன இளைஞர்கள்

ஆண்டுக்கு ஒருநாள் பாலஸ்தீனத்தில் ஊரே கைபேசியைப் பார்த்தபடி காத்திருக்கும். தவ்ஜிஹி எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவு வரும் நாள் அது. தேர்ச்சி என்று தெரிந்த நொடியில் வாணவேடிக்கை, கார் ஹாரன், தட்டுத் தட்டாக இனிப்பு. நாப்லுஸ் நகரமென்றால் சுடச்சுடக் குனாஃபா. அகதி முகாமின் குறுகலான சந்துகளில் அம்மாக்கள் குலவை எழுப்புவார்கள். எத்தனை சதவீதம் எடுத்தாய் என்ற கேள்வி அன்றைக்கு எல்லார் வாயிலும் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவமா, பொறியியலா, ஆசிரியர் படிப்பா என்பது முடிவாகும்.

அதே பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டு கழித்து என்ன செய்கிறார்கள்? பாலஸ்தீன மத்திய புள்ளியியல் அமைப்பின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, டிப்ளமோவோ அதற்கு மேலோ படித்த இருபதுகளின் வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வேலை இல்லை. பாலஸ்தீனம் காஸா, மேற்குக் கரை என்று இரண்டு துண்டுகளாக இருக்கிறது. காஸாவை மட்டும் தனியாக எடுத்தால் நூற்றுக்கு 70 பேருக்கு மேல். மேற்குக் கரையில் நிலைமை பரவாயில்லை என்றாலும், அங்கேயும் கால்வாசிக்கு மேல். 2023-ல் தொடங்கிய போருக்கு முந்தைய எண்கள் இவை. மக்களில் 97 சதவீதத்துக்கும் மேல் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் எண்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: படிப்பு ஒரு பக்கம் போகிறது, சந்தையின் தேவை இன்னொரு பக்கம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் திறன் போதவில்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். நன்கொடை நாடுகளின் அறிக்கைகளில் முப்பது ஆண்டுகளாக இதே வரிதான். இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் வேலைகள் இருந்து, அவற்றுக்குத் தகுந்த ஆள் கிடைக்காத இடத்துக்குத்தான் அந்த விளக்கம் பொருந்தும். பாலஸ்தீனத்தில் வேலைகளே உருவாகவில்லை. ஏன் உருவாகவில்லை என்பதைப் பார்க்காமல் இளைஞர்களின் திறனை மட்டும் அளந்துகொண்டிருப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். 1948-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடும் நிலமும் இழந்து அகதிகளானார்கள். பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்தினர். நிலம் போன பிறகு பிள்ளைக்குக் கொடுக்க மிஞ்சியது படிப்பு மட்டும்தான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் ஆழமாக வேரூன்றியது. 1950-ல் வேலையைத் தொடங்கிய ஐ.நா. நிவாரண முகமையான உன்ருவா, முகாம்களில் கூடாரத்திலும் பிறகு கட்டடத்திலுமாகப் பள்ளிகளை நடத்தியது. அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, கணக்காளர்களாகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்துகொண்டிருந்த அந்த நாடுகளுக்குப் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். படித்தால் வேலை என்ற கணக்கு ஒரு தலைமுறைக்கு உண்மையாகவே பலித்தது. ஆனால் அந்த வேலை சொந்த மண்ணில் கிடைத்ததல்ல. இன்றைய சிக்கலின் விதை அங்கேதான் இருக்கிறது.

1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. பாலஸ்தீனத் தலைமை சதாம் ஹுசைன் பக்கம் சாய்ந்ததாகக் கருதப்பட்டதால், போர் முடிந்ததும் குவைத்தில் இருந்த ஏறத்தாழ நான்கு லட்சம் பாலஸ்தீனர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தக் கதவு அதோடு அடைபட்டது.

இதற்கிடையே உள்ளூரில் இன்னொன்று நடந்திருந்தது. 1967-ல் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலிய ராணுவத்தின் கீழ் வந்தன. எழுபதுகளில் பெத்லஹேம், பிர்சைத், அன்-நஜாஹ், ஹெப்ரோன், காஸாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்று வரிசையாக உயர்கல்வி நிறுவனங்கள் எழுந்தன. ஆக்கிரமிப்பின் கீழ், சொந்த அரசு இல்லாத மக்கள் கட்டிய பல்கலைக்கழகங்கள் இவை. முதல் இன்திஃபாதா எனப்படும் மக்கள் எழுச்சியின்போது பிர்சைத்தை ராணுவம் 1988-லிருந்து 1992 வரை மூடிவைத்தது. அப்போதும் பேராசிரியர்கள் வீடுகளில் வகுப்பு எடுத்தார்கள்; நான்கு வருடப் படிப்பை முடிக்க எட்டு, பத்து வருடம் பிடித்தவர்கள் உண்டு.

பட்டதாரிகள் பெருகினார்கள். வேலை? அந்தக் காலத்தில் கூலியை நிர்ணயித்தது இஸ்ரேலியச் சந்தை. எண்பதுகளின் கடைசியில் ஒரு லட்சம் பாலஸ்தீனர்களுக்கு மேல் தினமும் எல்லை தாண்டிப் போனார்கள். கட்டடம், தோட்டம், பாத்திரம் கழுவுவது. பின்னாளில், 2021-ல், பொருளாதார நோபல் பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் இந்தக் கூலிகளை ஆராய்ந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிப் படிப்போடு நின்றவரைவிடக் கல்லூரிப் பட்டதாரியின் நாள் கூலி 40 சதவீதம் வரை அதிகமாக இருந்ததையும், அந்தப் பத்தாண்டின் கடைசிக்குள் அந்த வித்தியாசம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதையும் அவர் காட்டினார். பட்டதாரிகள் பெருகிக்கொண்டே போனதுதான் அவர் சொன்ன காரணம். கான்கிரீட் சுமக்கப் பட்டம் எதற்கு என்றும் யோசித்துப் பார்க்கலாம்.

இன்றும் அந்த வித்தியாசம்தான் வீடுகளுக்குள் பேச்சு. 2023 அக்டோபருக்கு முன்பு மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலிலும், மேற்குக் கரைக்குள்ளேயே இஸ்ரேலியர்கள் அமைத்த குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். அங்கே கிடைத்த நாள் கூலி உள்ளூர்க் கூலியைப் போல இரண்டு மடங்கு. பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போன தம்பி வீடு கட்டியிருப்பான். பட்டம் வாங்கிய அண்ணன் அவனிடம் கைச்செலவுக்கு வாங்கிக்கொண்டிருப்பான். இதைப் பார்த்து வளரும் பையன்கள் பள்ளியை விட்டு நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த வேலையும் எளிதில் கிடைப்பதில்லை. அனுமதி அட்டை வேண்டும். பெரும்பாலும் திருமணமாகியிருக்க வேண்டும், குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருக்க வேண்டும், இஸ்ரேலியப் பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்கக் கூடாது. அப்போதுதான் கல்லூரியை முடித்து வெளியே வந்த, மணமாகாத இளைஞனுக்கு இந்த நிபந்தனைகள் பொருந்துவதில்லை. தரகர்களிடம் மாதம் 2,000, 2,500 ஷெக்கல் (இஸ்ரேலிய நாணயம்) என்று கொட்டிக்கொடுத்து அட்டை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மற்றவர்கள் இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவரின் இடைவெளிகளில் நுழைந்து போனார்கள்.

2021-ல் காஸாவாசிகளுக்கும் சில ஆயிரம் அனுமதிகள் தரப்போவதாகச் செய்தி பரவியபோது ஜபாலியாவில் விண்ணப்பிக்கக் கூட்டம் முட்டிமோதியது. அந்தக் கூட்டத்தில் பட்டதாரிகளும் நின்றார்கள். கூலி வேலைக்கு.

சரி, உள்ளூரில் ஏன் வேலை உருவாகவில்லை? இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1993-லிருந்து செய்துகொண்ட ஒஸ்லோ உடன்படிக்கைகளின்படி மேற்குக் கரை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சி பகுதி மொத்தப் பரப்பில் 60 சதவீதத்துக்கும் மேல். முழுக்க இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் இருப்பது. விளைநிலம், கல் குவாரி, தண்ணீர், சாக்கடல் கரையின் தாதுக்கள், தொழிற்சாலை கட்டத் தோதான காலியிடம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பகுதியைப் பாலஸ்தீனர்கள் பயன்படுத்த விட்டாலே அவர்களது பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளரும் என்று 2013-ல் உலக வங்கி கணக்கிட்டது. வேளாண் பட்டதாரியும் வேதியியல் பட்டதாரியும் சுரங்கப் பொறியாளரும் வேலை செய்திருக்க வேண்டிய இடம் அது. நிலம் இல்லை, துறைமுகம் இல்லை, சொந்த நாணயம் இல்லை, எல்லையும் தன் கையில் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் முதலீடு செய்பவர் கடையோ உணவகமோ திறப்பார், அடுக்குமாடி கட்டி விற்பார். அதனால்தான் அங்குள்ள தனியார் நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை ஐந்து பேர்கூட இல்லாத குடும்பத் தொழில்கள். குடும்பத் தொழிலில் வெளியாள் பட்டதாரிக்கு இடம் ஏது?

நாப்லுஸிலிருந்து நிர்வாக நகரமான ரமல்லா ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. வழியில் ராணுவச் சாவடி திறந்திருந்தால் ஒரு மணி நேரம். மூடியிருந்தால் மூன்று மணி நேரமும் ஆகலாம், திரும்பி வீட்டுக்கும் போகலாம். 2025-ன் தொடக்கத்தில் மேற்குக் கரையில் சாவடி, கதவு, மண்மேடு என்று 800-க்கும் அதிகமான தடைகளை ஐ.நா. எண்ணியிருந்தது. ரமல்லாவில் ஆள் எடுக்கும் முதலாளி இதை யோசிக்காமல் இருக்க முடியாது. எந்த ஊர்க்காரர் என்பதும் ஒரு தகுதி ஆகிவிட்டது.

எஞ்சியது அரசு வேலை. ஒஸ்லோவின்படி பாலஸ்தீன அதிகாரசபை என்ற சுயாட்சி நிர்வாகம் அமைந்ததும் ஆசிரியர், எழுத்தர், காவலர் என்று ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தது. மேற்குக் கரை நகரங்களின் நடுத்தர வாழ்க்கையே அந்தச் சம்பளத்தில்தான் நின்றது. ஆனால் அந்தச் சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது? 1994-ன் பாரிஸ் நெறிமுறைப்படி, பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குகளுக்கான வரியை இஸ்ரேல் வசூலித்து மாதாமாதம் அதிகாரசபையிடம் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுதான். கொடுக்க வேண்டியவர் கையை மூடிக்கொண்டால் ஆசிரியர் வீட்டில் அடுப்பு எரியாது. 2019-லிருந்து பிடித்தங்கள் கூடின. 2021 கடைசியிலிருந்து சம்பளத்தை வெட்டித்தான் கொடுக்கிறார்கள். 2025-ன் நடுவில் இஸ்ரேல் மொத்தமாகவே நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு பள்ளிகள் தாமதமாகத் திறந்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் இயங்கின. இருக்கிற ஆசிரியருக்கே பாதிச் சம்பளம் என்னும்போது புதிய ஆசிரியரை யார் எடுப்பார்கள்? ஆனாலும் ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பங்கள் குவிகின்றன.

இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். பல்கலைக்கழக மாணவர்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். மதிப்பெண்ணிலும் அவர்களே முந்துகிறார்கள். ஆனால் வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆண்களில் அது பத்தில் ஏழு. குடும்பமும் வழக்கமும் பெண்ணை வீட்டில் நிறுத்துகின்றன என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. அது பொய்யும் அல்ல. ஆனால் சாலையைப் பாருங்கள். இருட்டிய பிறகு சாவடியில் மகள் மாட்டிக்கொள்வாளோ என்று பயப்படும் பெற்றோர், பக்கத்துத் தெருவில் கிடைக்கும் வேலை போதும் என்பார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பது மழலையர் பள்ளி. சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022-லிருந்து 1,880 ஷெக்கல். மழலையர் பள்ளி ஆசிரியைகளும் சிறு அலுவலகங்களின் செயலாளர்களும் அதில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பது ஊரறிந்த விஷயம். போக்குவரத்துச் செலவு போனால் கையில் நிற்பது சொற்பம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் பெண் வேலை தேடுபவராகக்கூட எண்ணப்படுவதில்லை. வேலையின்மைப் புள்ளிவிவரத்திலிருந்தே மறைந்துபோகிறார்.

இப்போது, முன்பு சொன்ன அந்தக் கொஞ்சம் உண்மைக்கு வருகிறேன். பாலஸ்தீனக் கல்வியிலும் குறைகள் உண்டு. தவ்ஜிஹி மனப்பாடத்துக்குப் பரிசு கொடுக்கும் தேர்வு. தொழிற்கல்விப் பிரிவில் சேர்பவர்கள் மிகக் குறைவு. கையால் செய்யும் வேலை கௌரவக் குறைச்சல் என்ற எண்ணத்தை அங்கே 'ஐப்' கலாசாரம் என்கிறார்கள். ஐப் என்றால் வெட்கக்கேடு. மின்பணியாளருக்கும் தச்சருக்கும் பட்டதாரியைவிடச் சீக்கிரம் வேலை கிடைக்கிறது என்று தெரிந்தும் பெற்றோர் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புகிறார்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் கல்வியியலிலும் வணிகவியலிலும் வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டு கட்டணத்தில் காலம் தள்ளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அப்புறம், சிபாரிசு. அரபியில் வாஸ்தா. முதல் எழுத்தை வைத்து 'வைட்டமின் வாவ்' என்பார்கள்; அந்தச் சத்து இல்லாத உடம்பு எந்த வேலைக்கும் தேறாதாம். ரமல்லாவில் அதிகாரசபையை நடத்தும் ஃபத்தா கட்சியின் செல்வாக்கு, காஸாவில் 2007-ல் ஆட்சியைப் பிடித்த ஹமாஸ் இயக்கத்தின் செல்வாக்கு. இரண்டு பக்கமும் ஆள் இல்லாத முதல் வகுப்புப் பட்டதாரி வரிசையிலேயே நிற்கிறார். இதற்குப் பாலஸ்தீனத் தலைவர்கள்தான் பொறுப்பு, ஆக்கிரமிப்பின் மேல் இதைப் போட முடியாது.

ஆனால் பயிற்சி ஒன்றே மருந்து என்பவர்கள் காஸாவில் புழங்கும் ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். பதாலா. வேலையின்மை என்று பொருள். உன்ருவாவோ வேறு அமைப்போ பட்டதாரிக்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ கொடுக்கும் தற்காலிக வேலைக்கும் அங்கே அதே பெயர்தான். 'அவனுக்குப் பதாலா வந்துவிட்டது' என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்து, ஒரு பள்ளியிலோ மருந்தகத்திலோ சில மாதம் வேலை பார்த்து, திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பது. சான்றிதழ்கள் சேர்ந்துகொண்டே போகும், வயதும் போகும். கல்யாணம் தள்ளிப்போகும். வேலையையும் வேலையின்மையையும் ஒரே சொல்லால் மக்கள் அழைக்கத் தொடங்கிவிட்ட ஊர் அது.

கணினி வேலைக்கு எல்லை இல்லையே என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீணும் அல்ல. 2011-ல் கூகுளும் மெர்சி கோர் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய காஸா ஸ்கை கீக்ஸ் இளைஞர்கள் பலரை நிரல் எழுதவும் இணையவழி வேலை எடுக்கவும் பழக்கியது. மெல்லனாக்ஸ் என்ற இஸ்ரேலிய சிப் நிறுவனம், 2020-ல் என்விடியா அதை வாங்கும் முன்பே, ரவாபியிலும் நாப்லுஸிலும் காஸாவிலும்கூடப் பாலஸ்தீனப் பொறியாளர்களை வைத்து வேலை செய்தது. திறமை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் மேற்குக் கரைக்கு மூன்றாம் தலைமுறை (3G) கைபேசி அலைவரிசை கிடைத்ததே 2018 ஜனவரியில்தான். அலைக்கற்றை அனுமதி இஸ்ரேலின் கையில் இருக்கிறது. காஸா இரண்டாம் தலைமுறையிலேயே விடப்பட்டது. 2017, 2018-ல் காஸாவில் நாளைக்கு நான்கைந்து மணி நேரம்தான் மின்சாரம். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அப்போது எழுந்து உட்கார்ந்து வேலை முடித்துக்கொடுத்தார்கள். முடித்த வேலைக்குப் பணம் வாங்க, இணையவழிப் பணச் சேவையான பேபால் கிடையாது. குடியேற்றத்தில் வாழும் இஸ்ரேலியருக்கு அந்தச் சேவை உண்டு, அடுத்த மலையில் இருக்கும் பாலஸ்தீனருக்கு இல்லை. அண்ணன், மாமா, துருக்கியில் இருக்கும் நண்பர் என்று யாராவது ஒருவரின் கணக்கு வழியாகத்தான் சம்பளம் வந்து சேரும்.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு இருந்ததும் போனது. மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதி அட்டைகள் ஏறத்தாழ ஒரே நாளில் செல்லாமல் போயின. அந்த இடங்களை நிரப்ப இஸ்ரேல் ஆள் தேடியபோது 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் நம் நாட்டு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். இலங்கையும் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்ப ஒப்பந்தம் போட்டது. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களை விரட்டியதும் ஊரில் வேலை இல்லாமைதான். ஆனால் காலியான அந்த இடம் யாருடையது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போர் தொடங்கி ஓராண்டு ஆனபோது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்ட வேலையின்மை: காஸாவில் ஏறத்தாழ 80 சதவீதம், மேற்குக் கரையில் 35 சதவீதத்தை ஒட்டி. காஸாவில் குண்டுபடாத பல்கலைக்கழகம் இல்லை. 2023 அக்டோபரிலேயே இஸ்லாமியப் பல்கலைக்கழகம் தாக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அல்-இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடத்தை ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அந்த ஆண்டு காஸாவில் தவ்ஜிஹி எழுத வேண்டிய ஏறத்தாழ 39,000 மாணவர்கள் எழுதவில்லை. வாணவேடிக்கைக்கான நாள் வந்து, சத்தமில்லாமல் போனது.

2025-ல் மின்னணு முறையில் அந்தத் தேர்வை நடத்தினார்கள். கூடாரத்தில் இருந்தபடியும் இணையம் கிடைக்கும் சிற்றுண்டிக் கடைகளில் இடம்பிடித்தும், கடன் வாங்கிய கைபேசியில் எழுதினார்கள். வென்றவர்களுக்குக் கட்டடம் இல்லாத பல்கலைக்கழகங்கள் இணையத்தில் வகுப்பு எடுத்தன. வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்த பலர் எல்லை தாண்ட வழியில்லாமல் அந்த இடத்தை இழந்தார்கள்.

இடிபாடு மட்டும் ஐந்து கோடி டன்னுக்கு மேல் என்று ஐ.நா. மதிப்பிட்டிருக்கிறது. காஸாவின் பல்கலைக்கழகங்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டடப் பொறியாளர்களை உருவாக்கி வேலையில்லாதோர் வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2014 போருக்குப் பிறகு ஐ.நா. மேற்பார்வையில் ஒரு மறுகட்டுமான ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு சிமென்ட் மூட்டையும் பதிவாகி, இஸ்ரேல் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே வரும். மூட்டை வராத மாதங்களில் பொறியாளருக்கும் கொத்தனாருக்கும் வேலை நின்றது. இந்த முறை மூட்டையை யார் எண்ணப்போகிறார்கள், ஒப்பந்தம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான், அந்த வரிசையில் நிற்பவர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கட்டுவார்களா, வேறு யாரோ கட்டுவதைப் பார்த்துக்கொண்டு பதாலாவுக்குப் பெயர் கொடுப்பார்களா என்பது இருக்கிறது.